சம்பல் சட்டியை மூடியவள்

அந்த நாவலை நான் ஆறு தடவை படித்திருக்கிறேன். கிள்ளானில் ஆற்றோரமாக, தேங்காய்ப்பால் சோற்றுக்குக் காரச் சம்பல் வைத்து விற்கும் நாசி லெமாக் கடை போட்டிருக்கும் ஒருத்தியின் கதை அது. அவள் சண்டை போடாத ஆள் ஊரில் கிடையாது. அவளை வீட்டைவிட்டுத் துரத்திய அண்ணன் பல வருடம் கழித்துப் பசியோடு வந்து நிற்பான். சட்டி நிறையச் சம்பல் இருக்கும்போதே, முடிந்துவிட்டது என்று சொல்லி மூடியைப் போட்டு மூடுவாள். அதோடு நாவல் முடியும். அப்படி ஒரு திமிர். முதல் தடவை படித்து முடித்ததும் ஓவென்று அழுதேன். எழுத்தாளரின் எண்ணை எப்படியோ தேடிப் பிடித்து, வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் தெரியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே நீளமாகப் பேசியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவளுடைய கதையின் தொடர்ச்சி வரப்போகிறது என்று எட்டு வருடம் கழித்து எழுத்தாளரே போன் செய்தார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வெளியீடு, நூலாய்வு நான் செய்ய வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கப்பல் ஏஜண்டு அலுவலகத்தில் வேலை எனக்கு. அன்று நான் அனுப்பிய மின்னஞ்சல்களில் பாதி வேறு யாருக்கோ போய்ச் சேர்ந்தன.

எங்கள் பக்கத்து வெளியீடுகளில், ஆய்வு செய்கிறவருக்கே விழாவன்று காலையில்தான் பல நேரம் புத்தகம் கைக்கு வரும். அதனால் உரையை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. நானும் ஏழு பக்கம் எழுதினேன். 'அணையாத கோபம்' என்று தலைப்பு வேறு. கண்ணாடி முன்னால் நின்று மூன்று முறை பேசிப் பார்த்தேன். மூன்று முறையும் எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

விழாவன்று காலை எழுத்தாளர் புத்தகத்தை ஒரு பையில் போட்டு என் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். கிள்ளானில் கம்யூட்டர் ரயிலில் ஏறி உட்கார்ந்து, முதல் பக்கத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். ஷா ஆலம் வருவதற்குள் அவள் அண்ணனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டாள். சுபாங் ஜெயாவில் பக்கத்துக் கடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டாள். கேஎல் சென்ட்ரலை நெருங்கும்போது கடையையே மூடிவிட்டு, பெண்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு பொன்மொழி. எனக்கு வந்த எரிச்சலில் புத்தகத்தைப் பட்டென்று மூட, எதிரில் தூங்கிக்கொண்டிருந்த அங்கிள் விழித்துக்கொண்டார்.

மேடையில் உண்மையைச் சொன்னால் எழுத்தாளர் மனம் நொந்துபோவார். சொல்லாவிட்டால் அடுத்த புத்தகத்திலும் அவள் பொன்மொழி சொல்லிக்கொண்டிருப்பாள். என் ஆள் போயே போய்விடுவாள். இரண்டில் எது மோசம் என்று முடிவு செய்வதற்குள் என்னை அழைத்துவிட்டார்கள். கையில் இருந்தது அந்த ஏழு பக்கம்தான். அப்படியே வாசித்தேன். அவள் யாருக்கும் தலைவணங்க மாட்டாள், யாரையும் மன்னிக்க மாட்டாள் என்று முழங்கினேன். சபையில் இன்னும் ஒருவரும் புத்தகத்தைப் பிரிக்கவில்லையே. மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். எழுத்தாளர் மட்டும் கைதட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து தேநீர் விருந்து. மீஹூன் வைத்திருந்த மேசைக்குப் பின்னால் அவரே நின்று எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தார். நான் காலித் தட்டோடு முன்னால் போய் நின்றேன். கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். எட்டு வருடமாகப் பத்திரப்படுத்திய குரல் செய்தி ஒன்றைப் போட்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் முதலில் வந்தது. பிறகு என் குரல்.

"அக்கா, அவ பாவம்க்கா. அடுத்த புக்லயாச்சும் அவள அண்ணனோட சேத்து வைங்கக்கா. நாலு பேருக்கு நல்லது சொல்ற மாதிரி ஆக்கிடுங்கக்கா."

எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. அக்கா, எனக்கு அப்போது புத்தி இல்லை என்றேன். மூன்றாவது நாவலில் அவளைப் பழையபடி ஆக்கிவிடுங்கள், கடையைத் திறக்க வையுங்கள், நாலு பேரோடு சண்டை போட வையுங்கள் என்று வெட்கமே இல்லாமல் கெஞ்சினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன தடவ உங்க பேச்சக் கேட்டேன். இனிமே கேக்க மாட்டேன்லா. போங்க."

சொல்லிவிட்டு, பாதிக்கு மேல் மீஹூன் இருந்த பாத்திரத்தை மூடியைப் போட்டு மூடினார்.

காலித் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன். கிள்ளான் வந்து சேரும்வரை ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.