லம்நேஸில் யாரும் எழுந்திருக்கவில்லை

விரைவுப்படகில் கயிறு வீசுவது, சாமான் இறக்குவது, வாஃபிள் சுடுவது, துறை நெருங்கினால் ஊர்ப்பெயரைக் கூவுவது எல்லாம் தூர்தீஸின் வேலை. லம்நேஸ் அவள் சொந்த ஊர். ‘லம்’ என்றால் ஆட்டுக்குட்டி, ‘நேஸ்’ என்றால் கடலுக்குள் நீளும் நிலமுனை. நார்வேயின் வடகரையில் அவள் ஊர்க்காரர்கள் ‘லம்’மை லேசாகத் தொட்டுவிட்டு, மூச்சு முழுவதையும் ‘நேஸ்’ மேல் இறக்குவார்கள். அவள் அப்படிக் கூவியதும் இறங்க வேண்டியவர்கள் தொப்பி மாட்டிக்கொண்டு எழுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் கம்பெனி ஒரு பதிவுக்குரலை மாட்டியது. தெற்கத்திப் பெண்குரல். அது ‘லம்’மில் ஓங்கி அடித்து, ‘நேஸ்’ஸை வால்போல விட்டது. இனி ஊழியர்கள் கூவக் கூடாது என்றார்கள். தூர்தீஸ் கூவினாள். எச்சரித்தார்கள். மறுபடியும் கூவினாள். கடைசியில் அலுவலகத்திலிருந்து ஹெல்கே என்ற இளைஞன் நேரிலேயே படகேறினான். இன்று வாயைத் திறந்தால் பயணிகள் தளத்தில் அவளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டான்.

“அந்தக் குரல் சொல்றது யாருக்காவது புரியாம இருக்கா?”

“புரியுது. வெளியூர்க்காரி வந்து நம்ம வீட்டுப் பேரை நமக்கே சொல்ற மாதிரி இருக்கு.”

“எழுத்துகூட மாறலியே, தூர்தீஸ்.”

“உன்னை யாராவது ஹெல்-கேஏனு இழுத்துக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பியா?”

துறை விளக்கு தெரிந்தது. பதிவுக்குரல் பெயரைச் சொன்னது. படகு துறையோடு ஒட்டி நின்றது, இறங்குவதற்கான பலகை விழுந்தது. இறங்க வேண்டியவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். தூர்தீஸ் யாரிடமும் இப்படிச் செய்யச் சொல்லியிருக்கவில்லை. மீன்பண்ணைக்காரர் பிர்யெர் வாஃபிள் மேல் பழுப்புச் சீஸை நிதானமாகச் சீவி வைத்தார்.

லம்நேஸ் வந்தாச்சே என்றான் ஹெல்கே, அந்தக் குரல் மாதிரியே.

“அப்படி ஒரு ஊர் இந்தப் பக்கம் இல்லையே தம்பி” என்றார் பிர்யெர்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஹெல்கே தூர்தீஸைப் பார்த்தான்.

“நீ சொன்னா நான் ஆபீசுக்கு எழுதியே ஆகணும்.”

“எழுது.”

அவள் சொன்னாள். ‘நேஸ்’ படகின் கடைசி இருக்கைவரை போய் விழுந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

அவன் எழுதத்தான் செய்தான். அடுத்த வாரமே அவளைக் கீழே சரக்குத் தளத்துக்கு மாற்றினார்கள். பதிவுக்குரலும் மேலே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. லம்நேஸ் நெருங்கும்போது தூர்தீஸ் சரக்குக் கதவைத் திறந்து வைத்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கூவுகிறாள். இதற்கும் ஓர் உத்தரவு வரும் என்கிறார் கேப்டன்.

வரட்டுமே என்கிறாள்.