வாட்ச் செய்த வேலையும் எங்கள் எச்.ஆர். செய்த வேலையும்

ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகரில் சைக்கிளோடு விழுந்தேன்.

விழுந்தது பெரிய விஷயமில்லை. குறுக்கே ஒரு நாய் வந்தது, பிரேக் பிடித்தேன், முட்டி தேய்ந்தது. அவ்வளவுதான்.

பெரிய விஷயம், என் கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்ச். நான் விழுந்ததை அது கண்டுபிடித்துவிட்டது. "நலமா?" என்று கேட்டு டிக் டிக் என்று அடித்திருக்கிறது. நான் நாயைத் திட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. பதில் வராததால் எனக்கு ஆபத்து என்று முடிவு செய்து, மேப்போடு இரண்டு பேருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டது.

முதல் ஆள் என் கணவர். மேற்கு மாம்பலம் வீட்டில் போனை சைலன்ட்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். (பத்து மணிக்கு எழுந்து பார்த்துவிட்டு, "பீச்லயா இருக்க?" என்று பதில் அனுப்பினார். கல்யாண வாழ்க்கை.)

இரண்டாவது ஆள் பிரபு.

பிரபு யார் என்று சொல்ல வேண்டும். நான் தரமணியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்ஜினியரிங் மேனேஜர். அவன் என் டீம் லீட். டீமோடு ஒருமுறை கொல்லிமலைக்கு ட்ரெக் போனபோது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவன் நம்பரை வாட்ச்சில் போட்டது. அப்படியே இருந்துவிட்டது.

அந்த பிரபு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராஜினாமா மெயில் அனுப்பியிருந்தான். காரணம் ஒரு வரிகூட இல்லை. சனிக்கிழமை முழுக்க நான் கூப்பிட்டேன். ஒரு கால்கூட எடுக்கவில்லை. எனக்குக் கிடைத்த ஆட்களிலேயே சிறந்தவன், ஏன் போகிறான் என்றே தெரியாமல் போய்விடுவானோ என்ற கவலையை மறக்கத்தான் அன்றைக்கு சைக்கிளையே எடுத்தேன்.

ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா, "இன்னாமா, அடி பட்டுச்சா? இப்டி குந்து" என்று பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். முட்டியைக் கழுவத் தண்ணீரும் கொடுத்தார்.

நான் கழுவி முடிப்பதற்குள் திருவான்மியூரிலிருந்து ஸ்கூட்டரில் பறந்து வந்து நின்றான் பிரபு. அரை டிராயர், கையில் ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ், முகத்தில் ரத்தமே இல்லை.

என் முட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு அவன் முகம் மாறியது.

"கீதா, நிஜமா சொல்லுங்க. நான் போன் எடுக்கலன்னுதானே இது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு ராஜினாமாவை நிறுத்த ரோட்டில் விழுந்து புரளுகிற மேனேஜரா நான்?

மீன்கார அம்மா இடையில் புகுந்து, தம்பியா என்று விசாரித்தார். இல்லை, இவர் என் மேனேஜர் என்று பிரபு சொன்னான்.

"மேனேஜரா? ஞாயித்துக்கெயமகூட வுட மாட்டாங்களா?"

பிரபு அவசரமாக ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸைத் திறந்தான்.

பஞ்சு வைத்து பிளாஸ்டர் போட்டபடியே அவன் பேச ஆரம்பித்தான். வேறு கம்பெனி எதுவும் பார்க்கவில்லையாம். லீட் ஆனதிலிருந்து காலையிலிருந்து இரவு வரை மீட்டிங். யாருக்கு லீவு, யாருக்கு என்ன ரேட்டிங், கிளையன்ட் ஏன் கோபமாக இருக்கிறார், இதுதான் அவன் நாள் முழுக்க.

"போன வாரம் டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு ப்ரோக்ராம்ல ஒரு பக் காட்டுச்சு. ரொம்ப நேரம் பாத்தேன், ஒண்ணும் புரியல. அப்புறம்தான் பாக்குறேன், அது நான் எழுதின கோட். அன்னிக்கு வீட்டுக்குப் போய் சாப்பிடவே முடியல கீதா."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இவன் நன்றாகக் கோட் எழுதுகிறான் என்பதற்காகத்தான் இவனை லீட் ஆக்கினோம். ஆக்கிய அன்றே கோட் எழுதுவதை நிறுத்தவும் வைத்தோம். எங்கள் கம்பெனியில் மேலே போக வேறு வழியே கிடையாது.

லீட் வேலையை விட்டுவிட்டு மறுபடி கோட் மட்டும் எழுதுகிறாயா என்று கேட்டேன்.

"அப்டி ஒரு வேலை நம்ம கம்பெனில இருக்கா?"

"இருக்கும். நான் பாத்துக்கறேன்" என்று கெத்தாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை எச்.ஆரில் திவ்யாவிடம் போனேன். அவர் சிஸ்டத்தைப் புரட்டிப் பார்த்தார். பதவி உயர்வுக்கு பட்டன் இருக்கிறது. பதவி இறக்க வேண்டுமென்றால் அவன் என்ன தப்பு செய்தான் என்று கேட்கிறது. தானாக விரும்பி இறங்குகிறான் என்று சொல்ல இடமே இல்லை.

நாங்கள் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. மறுபடியும் சொல்கிறேன், சாஃப்ட்வேர் கம்பெனி.

என் பாஸிடம் போனேன். அவர் எச்.ஆர். தலைவரிடம் அனுப்பினார். அவர் திரும்பவும் திவ்யாவிடம் அனுப்பினார். கடைசியில் பாவம், திவ்யாதான் வழி கண்டுபிடித்தார். என் டீமிலேயே புதிதாக ஒரு இன்ஜினியர் வேலை திறப்பது, அதற்கு பிரபு விண்ணப்பிப்பது. ஆனால் இன்டர்வியூ இல்லாமல் யாரையும் எடுக்க முடியாதாம். இன்டர்வியூ செய்ய வேண்டியவர், டீமின் மேனேஜர், அதாவது நான்.

ஆக, ஏழு வருஷமாக என்னோடு வேலை பார்ப்பவனை இன்று மதியம் நான் இன்டர்வியூ செய்தேன். பக்கத்தில் திவ்யா லேப்டாப்போடு உட்கார்ந்திருந்ததால் "வா, போ" கிடையாது. "வாங்க பிரபு, உக்காருங்க."

எச்.ஆர். கொடுத்த கேள்விகளை மாற்றக் கூடாது என்பது விதி. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். சொன்னான். எங்கள் கம்பெனியில் ஏன் சேர ஆசைப்படுகிறீர்கள் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். அதற்கும் சொன்னான்.

கடைசிக் கேள்வி.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்கள எங்க பாக்குறீங்க?"

வழக்கமாக எல்லோரும் என் நாற்காலியைக் காட்டுவார்கள்.

பிரபு கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"இதே பில்டிங்ல, ஜன்னல் ஓரமா, ஹெட்போன் போட்டுக்கிட்டு. உங்க போஸ்ட் காலி ஆனாலும் தயவுசெஞ்சு என்னைக் கூப்பிடாதீங்க."

'முன்னேறும் ஆர்வம்' என்ற இடத்தில் திவ்யா பத்துக்கு ஒன்று போட்டார்.

நான் அந்த இடத்திலேயே செலக்ட் செய்துவிட்டேன்.