திக்கைக் காட்டினார் சித்தப்பா

என் சித்தப்பாவின் கல்யாணம் கைகூடாமல் போனது என்னால்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இப்போது மனம் வரவில்லை.

சித்தப்பாவுக்குத் திக்குவாய். மாதுங்காவிலிருந்து எங்கே போக ரயிலேறினாலும் நாங்கள் இருவரும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். அவர் ஒரு பேச்சைச் சொல்வார். அதை யார், எப்படிச் சொன்னார்கள் என்று நான் சிலேடையாக முடிக்க வேண்டும்.

"கடுகு எங்கே?" என்பார்.

"என்று பொரிந்தாள் அம்மா" என்பேன்.

"சாதம் கூடுதலா வெந்துடுத்து."

"என்று குழைந்தாள் அத்தை."

விளையாடும்போது அவருக்கு அவ்வளவாகத் திக்காது.

செம்பூரில் பெண் பார்க்கப் போனோம். "நீ சிரிச்சுண்டு உக்காந்தா போறும், நான் பேசிக்கறேன்" என்று சித்தப்பாவிடம் அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பெண் பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். சித்தப்பா அவளைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். அவளுடைய அப்பாவோ நேராகச் சித்தப்பாவையே கேட்டுவிட்டார்.

"உங்களுக்கு ஆபீஸ் எந்தப் பக்கம்?"

"ஃபோ... ஃபோ... ஃபோர்ட் பக்கம்."

"என்று திக்கைக் காட்டினார் சித்தப்பா!" என்றேன், பழக்கதோஷத்தில்.

திசை என்றும் கொள்ளலாம். யாரும் அப்படிக் கொள்ளவில்லை. கூடமே சிரித்தது, சித்தப்பா உட்பட. பெண் மட்டும் சிரிக்கவில்லை. மறுவாரம், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

சித்தப்பா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. விளையாட்டு மட்டும் நின்றுவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. ஜாதக உறையில் இருந்த முகவரிக்கு, அந்தப் பெண்ணின் பெயருக்கே, யாருக்கும் தெரியாமல் கடிதம் எழுதினேன். எங்கள் விளையாட்டை விளக்கி, தப்பு என்னுடையது, சித்தப்பா ரொம்ப நல்லவர் என்று எழுதியிருந்தேன்.

என் பெயருக்குப் பதில் வந்தது. ஒரே வரி.

"'எனக்குப் பிடிச்சிருக்கு' என்று பஜ்ஜியோடு மென்று விழுங்கினாள் பெண்."

என்ன அழகான சிலேடை! அவளுக்கும் விளையாட்டுப் பிடிபட்டுவிட்டதே என்று பூரித்துப்போனேன். சித்தப்பாவின் பிறந்தநாளுக்குக் காட்டி அசத்த வேண்டும் என்று பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன்.

பிறந்தநாள் மாசியில் வந்தது. தையிலேயே அவளுக்கு வேறிடத்தில் கல்யாணமாகிவிட்டிருந்தது.

சித்தப்பா அந்த ஒரு வரியை வெகுநேரம் படித்தார்.

"இது எ... எப்போடா வந்தது?"

"தீபாவளிக்கு முன்னாடியே வந்துடுத்து சித்தப்பா" என்றேன் பெருமையாக. "யார் கண்ணுலயும் படாம வச்சிருந்தேன்."