சுடாமல் விட்ட புறாக்கள்

2003 செப்டம்பர் 6 — 19
2009 ஆகஸ்ட் 15 — 64
2014 ஏப்ரல் 26 — 7
2021 நவம்பர் 20 — 11
2022 பிப்ரவரி 12 — 0
2023 செப்டம்பர் 23 — 14
இருபது ஆண்டுகளின் கூட்டுத்தொகை — 4,318

இவை என் நண்பர் செபஸ்தியாம்பிள்ளை எசெக்ஸில் ஒரு பண்ணையில் சுட்ட காட்டுப் புறாக்களின் எண்ணிக்கை. எல்லாம் சனிக்கிழமைகள். மேலே ஆறு நாட்களை மட்டும் எழுதியிருக்கிறேன். கூட்டுத்தொகை எல்லா நாட்களுக்கும் உரியது.

அவர் 1953இல் மன்னாரில் பிறந்தவர். 1986இல் லண்டன் வந்தார். கிழக்கு லண்டனில் ஒரு பஸ் டிப்போவில் இருபத்தெட்டு ஆண்டுகள் டிரைவர். அதே டிப்போவில் யார் எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்ற அட்டவணையைத் தயாரிப்பது என் வேலை. அவர் வீடு லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற பகுதியில், நான் வடமேற்குக் கோடியில், ஹரோவுக்குப் பக்கம், கிங்ஸ்பரியில். அவர் மீனும் இறைச்சியும் சாப்பிடுகிற கத்தோலிக்கர். நான் முட்டைகூடத் தொடாத தஞ்சாவூர்க்காரன். என்னைவிட ஐந்து வயது இளையவர் என்பதால் என்னை அண்ணை என்பார்.

ஐம்பது வயதுவரை அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவர் அதைத் துவக்கு என்பார். "ஊரில துவக்கைக் கண்டா ஓடி ஒளிச்ச ஆள் நான்" என்று அவரே சொல்வார். 2003இல் எங்கள் டிப்போவின் வெள்ளைக்கார டிரைவர் ஒருவர் தன் மைத்துனரின் பண்ணைக்கு அவரை அழைத்துப் போனார். பட்டாணியும் எண்ணெய்க் கடுகும் விளைகிற பண்ணை. புறாக்கள் கூட்டமாக இறங்கிப் பயிரைத் தின்றுவிடும். அவற்றைச் சுட ஆள் தேவைப்பட்டது. செபஸ்தியாம்பிள்ளை போலீஸில் முறைப்படி விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கி, ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியும் வாங்கினார். ஒவ்வொரு முறையும் எத்தனை புறா என்று எழுதித் தர வேண்டும் என்றார் பண்ணைக்காரர். எழுத்து வேலை செபஸ்தியாம்பிள்ளைக்கு ஆகாது. அதனால் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கள் ஒண்டும் தொட வேண்டாம் அண்ணை. இருந்து எண்ணினாப் போதும்."

அவருடைய வேனில் போனேன்; வேனை அவர் வான் என்பார், சாவியைத் திறப்பு என்பார். வேலியோரம் வலையால் கட்டிய மறைவுக்குள் இரண்டு மடக்கு நாற்காலிகள். வயலில் பன்னிரண்டு பொம்மைப் புறாக்களைக் காற்றுக்கு எதிர்முகமாக வைப்பார். மேலே பறக்கிற புறா, கீழே சொந்தக்காரர்கள் மேய்கிறார்கள் என்று நம்பி இறங்கும். நான் தயிர்சாத டப்பாவைத் திறந்தால் அவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

"மூடுங்கோ அண்ணை. இந்த வாசத்துக்குப் புறா ஹரோவுக்குப் பறந்திடும்."

"உங்க புறாக்கறி வாசத்துக்கு நான் ஓடலையே."

"நீங்கள் எங்க ஓடுறது? வான் திறப்பு என்ர பொக்கெற்றிலை."

ஏன் இந்த வேட்டை என்று பலரும் அவரைக் கேட்டதுண்டு. கோயிலில் ஃபாதரே ஒருநாள் கேட்டார். "ஃபாதர், கிழமையில அஞ்சு நாள் ஆயிரம் சனத்தை ஏத்தி இறக்கிறன். ஒருத்தற்ற முகமும் எனக்குத் தெரியாது. சனிக்கிழமையில ஒரு புறாவை வடிவாப் பாக்கிறன்" என்றார். ஃபாதர் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் தனக்கும் இரண்டு புறா கேட்டார்.

என் நோட்டில் நான்கு பத்திகள்: சுட்ட தோட்டா, விழுந்த புறா, தவறியது, அடிபட்டும் கிடைக்காதது. நான்காவது பத்தி பண்ணைக்காரர் கேட்டதல்ல, செபஸ்தியாம்பிள்ளை போடச் சொன்னது. அதில் எண் ஏறக் கூடாது என்பதற்காக அவர் படும் பாட்டை 2014 ஏப்ரல் 26 அன்று முழுதாகப் பார்த்தேன். அடிபட்ட புறா ஒன்று முள்வேலிக்குள் போய் விழுந்தது. அப்போது மணி 8.05. நல்ல காற்று, வயலில் கூட்டம் கூட்டமாகப் புறாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவர் துப்பாக்கியைப் பிரித்துத் தோட்டாவை எடுத்து வைத்துவிட்டு வேலிக்குள் நுழைந்தார். 9.55க்குத்தான் வெளியே வந்தார். இரண்டு கைகளிலும் ரத்தக் கீறல், கையில் புறா.

"விட்டுட்டு அடுத்ததைப் பாத்திருக்கலாமே?" என்றேன்.

"நான் தொடங்கின வேலையெல்லோ. அது அங்க கிடந்து துடிக்க, நான் இங்க இருந்து மற்றதைச் சுடுறதோ?"

பிறகு அதன் தீனிப்பையைக் கீறி, உள்ளே இருந்த பட்டாணியைத் தன் உள்ளங்கையில் கொட்டி எண்ணச் சொன்னார். முதலில் எடுக்கும் புறாவுக்கு எப்போதும் அப்படிச் செய்வார். காலையில் அது எந்த வயலில் சாப்பிட்டது என்று சொல்வார். ஒரு வீட்டுக்குப் போய் வந்தவர் அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். அன்று முப்பத்தொரு பட்டாணி.

புறாக்களை வீட்டுக்குக் கொண்டுபோனால் அவர் மனைவி இம்மாகுலேற் வாசலிலேயே திட்டத் தொடங்குவார். "இஞ்சை பாருங்கோ, கொலைகாரன் வாறார். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும்." திட்டிக்கொண்டே சிறகு பறித்து, ஈயக்குண்டுகளைத் தடவித் தடவி எடுத்து, மிளகு போட்டுச் சமைப்பார். எனக்கென்று தனியே பூசணிக்காய்க் கறி இருக்கும். அதற்கான கரண்டிகூடத் தனி.

இம்மாகுலேற் 2021 டிசம்பர் 3 அன்று காலமானார்.

பத்து வாரங்களுக்குப் பிறகு, 2022 பிப்ரவரி 12 அன்று, செபஸ்தியாம்பிள்ளை மறுபடி வயலுக்கு வந்தார். 8.20க்குப் புறாக்கள் வரத் தொடங்கின. அவர் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. 9.12க்கு அதைப் பிரித்து, இரண்டு தோட்டாக்களையும் எடுத்து என் பையில் போட்டார். பிறகு முகத்தைக் கைகளில் புதைத்து அழுதார். "இனி எனக்கு என்ன இருக்கு" என்றார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஏப்ரலில் அவர் மறுபடி சுடத் தொடங்கினார். புறாக்களைச் சமைக்கத் தெரிந்த பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவந்தார்.

துப்பாக்கிச் சான்றிதழை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவரை நன்கு அறிந்த ஒருவர் அவரைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் அவர் என் பெயரைக் கொடுத்தார். எனக்கு வந்த படிவத்தில் ஒரு கேள்வி: இவர் மனம் உடைந்திருந்ததைக் கண்டதுண்டா? கண்டிருந்தேன். அதனால் எழுதினேன்: 2022 பிப்ரவரி 12, காலை, வயலில், நாற்பத்திரண்டு நிமிடம் அழுதார். சொன்ன சொல்லையும் ஆங்கிலத்தில் எழுதினேன். அந்தக் கேள்விக்கு விட்டிருந்த கட்டம் சிறியது. 9.12க்குத் தோட்டாக்களை எடுத்ததை எழுத இடமில்லாமல் விட்டுவிட்டேன்.

அக்டோபர் 5, வியாழக்கிழமை, அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, துவக்கைக் கொண்டு போயிட்டாங்கள். ரெண்டு பேர் வந்தவங்கள். மரியாதையாத்தான் கதைச்சாங்கள். ஆரோ என்னைப் பற்றி ஏதோ எழுதியிருக்கினமாம். எனக்குச் சாக நினைப்பு இருக்கோ எண்டு கேக்கிறாங்கள், அண்ணை."

கிங்ஸ்பரியில் ரயில் ஏறி, வெஸ்ட் ஹாமில் மாறி, பார்க்கிங் போய்ச் சேர ஒரு மணி எட்டு நிமிடம் ஆயிற்று. அவர் மகள் அனோஜினி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். உட்காருவதற்கு முன்பே சொன்னேன்: "எழுதினது நான்தான்."

"அங்கிள்! அது போலீஸ் ஃபோம். உங்கட டயரி இல்லை!" என்றாள் அனோஜினி. "அம்மா செத்து ரெண்டு மாசம். ஆர் அழாமல் இருப்பினம்? அதைப் போய், டேட் போட்டு, டைம் போட்டு..."

"பேசாமல் இரு பிள்ளை" என்று செபஸ்தியாம்பிள்ளை எழுந்து தேநீர் போடப் போனார். அடுப்படியில் நெடுநேரம் நின்றார். கோப்பையை என் முன் வைத்துவிட்டுக் கேட்டார்: "எவ்வளவு நேரம் எண்டு எழுதினீங்கள்?"

"நாற்பத்திரண்டு நிமிஷம்."

"அவ்வளவோ?" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நீங்கள் அண்டைக்கு என்னைப் பாக்கேல்லை எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

தேநீரைக் குடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவரே வேனுடன் என் வீட்டு வாசலில் நின்றார். துப்பாக்கி இல்லாமல் போனோம். வலையைக் கட்டினார், பொம்மைகளை வைத்தார். புறாக்கள் வந்து இறங்கின. மூன்று சனிக்கிழமைகள் அப்படி இருந்தோம். மூன்றாவது நாள், பத்து மணிக்கே பொம்மைகளைப் பொறுக்கத் தொடங்கிவிட்டார்.

"ஏன், புறா நிறைய வருதே?" என்றேன்.

"வருது. சும்மா டீவி பாக்கிற மாதிரி இருக்கு அண்ணை."

"சுடணும்போல இருக்கா?"

"அதில்லை." கையில் ஒரு பொம்மைப் புறாவுடன் நின்றார். "துவக்கு இருந்தா, வாற ஒவ்வொண்டுக்கும் நான் ஒரு முடிவு சொல்ல வேணும். இதைச் சுடுறதோ, விடுறதோ. அப்பத்தான் அதை முழுசாப் பாக்கிறன். கழுத்து வெள்ளை, செட்டையில ஒரு இறகு குறைவு, எல்லாம். இப்ப என்னால விடவும் ஏலாது. விடுறதுக்கும் துவக்கு வேணும் அண்ணை."

"அன்னிக்கு, பிப்ரவரியில, எத்தனை விட்டீங்க?"

"இருநூறு இருக்கும். துவக்கு மடியிலதான் கிடந்தது. ஒவ்வொண்டா விட்டன். இம்மாகுலேற் இல்லாத வீட்டுக்கு ஒண்டையும் கொண்டு போக மனம் வரேல்லை. அழுகை வரப்போகுது எண்டு தெரிஞ்ச உடனை தோட்டாவைக் கழட்டிப்போட்டன். அழுறவன்ர கையில தோட்டா இருக்கக் கூடாது."

இருபது ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவன் நான். அவர் விட்ட புறாக்களை ஒருநாளும் எண்ணியதில்லை. அன்றைய பூஜ்யத்தை ஒன்றும் நடக்காத நாள் என்றே வைத்திருந்தேன்.

அன்று மாலை போலீஸின் உரிமப் பிரிவுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன், நான்கு பக்கம். 9.12 மணியையும் தோட்டாக்கள் என் பையில் இருந்ததையும் எழுதினேன். முள்வேலியில் கழிந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்தை எழுதினேன். 'இனி எனக்கு என்ன இருக்கு' என்பது எங்கள் வீடுகளில் சாவு விழுந்தால் எல்லோரும் சொல்வது. என் தந்தை இறந்தபோது என் தாயார் சொன்னார், என் மனைவி இறந்தபோது நானும் சொன்னேன், இருவருமே பதினாறாம் நாள் காரியத்துக்குள் பழையபடி சாப்பிடத் தொடங்கிவிட்டோம் என்றும் எழுதினேன். முதல் படிவத்தில் இவற்றை விட்டது என் குற்றம், அவருடையதல்ல என்று முடித்தேன்.

அவருடைய டாக்டரிடமும் அறிக்கை கேட்டார்கள். பிறகு ஜனவரியில் ஓர் அதிகாரி, நடுத்தர வயதுப் பெண், பார்க்கிங் வீட்டுக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். எழுபது வயதில், மனைவியும் இல்லாத நிலையில், துப்பாக்கி எதற்கு என்று கேட்டார். செபஸ்தியாம்பிள்ளை பஸ் ஓட்டிப் பழகிய தன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "மேடம், நான் சாகிறதுக்கு அது வேண்டாம். சனிக்கிழமை எழும்புறதுக்கு வேணும். வேலியில் விழுந்ததைத் தேடிப் போகவேணும். பக்கத்து வீட்டுக்கு ரெண்டு புறா குடுக்கவேணும். அதுகள் இல்லாட்டி நான் வீட்டுக்குள்ள கதிரையில இருந்துகொண்டே இருப்பன்." அதிகாரி தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, பார்க்கவில்லை.

எட்டு வாரம் ஒன்றும் வரவில்லை. செபஸ்தியாம்பிள்ளை சனிக்கிழமைகளில் எழுவதைக் குறைத்துக்கொண்டார். மத்தியானம் அழைத்தால் தூக்கக் குரலில் பேசுவார். சோறு சமைப்பதை விட்டு வெறும் பாண்ரொட்டி சாப்பிடுகிறார் என்று அனோஜினி என்னிடம் சொன்னாள். நான் ஒவ்வொரு புதனும் போய் வந்தேன். அவர் ஒருமுறைகூட அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒருநாள் காலை ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது. "அண்ணை, கடிதம் ஒண்டு வந்திருக்கு. திறக்கப் பயமாக் கிடக்கு. வாங்கோ."

நான் போய்ச் சேரும்வரை உறையை மேசைமேல் வைத்து, அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். அனோஜினி பிரித்து வாசித்தாள். சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. துப்பாக்கியை வேலைநாள் ஒன்றில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

"திருப்பி வாசி பிள்ளை" என்றார். அவள் திரும்ப வாசித்தாள். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கும் நேரம் பாக்கிறீங்களோ?"

"இல்ல" என்றேன். உண்மையாகவே பார்க்கவில்லை.

"அடுத்த முறை சாட்சிக்கு வேற ஆளைப் பிடிப்பன். சொல்லிப்போட்டன்."

"பிடிங்க. நல்லது."

"அஞ்சு வருசம். எனக்கு எழுபத்தஞ்சு, உங்களுக்கு எண்பது." கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "அதுவரைக்கும் வருவீங்களோ அண்ணை?"

"வரேன், செபஸ்தி."

நோட்டில் இதை மட்டும் எழுதினேன்: கடிதம் வந்தது 2024 மார்ச் 11, திங்கட்கிழமை.