சொந்தக்காரர் இல்லாத ஊர்

ஜெயகௌரி போய்வந்த ஊர்களை எண்ண இரண்டு கை விரல்களும் போதாது. அங்கே என்ன பார்த்தாள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பாவம். சூரிச்சில் ஒரு கல்யாண மண்டபம். ஒஸ்லோவில் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டு மண்டபம். ரொறன்ரோவில் சின்னம்மாவின் மகள் வீட்டு பேஸ்மென்ற், அதுவும் மூன்று தடவை. பாரிசுக்கு ஏழுமுறை போயும் ஈபிள் கோபுரத்தைக் காரின் பின்கண்ணாடியால் ஒருதரம் கண்டதோடு சரி. டோர்ட்முண்டில் பதினொரு வருடம் இருந்துவிட்டு லண்டன் கிங்ஸ்பரிக்குக் குடிவந்த குடும்பம் அது. உலகம் முழுக்கச் சொந்தம். சொந்தம் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினால் காலாகாலத்துக்கும் அதே பேச்சு. அவர்கள் வீட்டில் தங்கினாலோ, சோபாவை விட்டு எழும்ப விடமாட்டார்கள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள் அவள். ஐம்பத்திரண்டு வயது நடக்கும்போது, ஒருநாள் கணவனின் தட்டில் இடியப்பத்தை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத நாடு ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

எலக்ட்ரீஷியன் நித்தியானந்தன் சொதியை ஊற்றியபடி யோசித்தார். "நியூசிலாந்து?"

"உங்கட மாமான்ர மகள் ஓக்லண்டில."

"அப்ப யப்பான்."

இரண்டு பக்கத்துச் சொந்தத்தையும் கிளறிப் பார்த்தார்கள். ஒருவரும் அகப்படவில்லை. ஜெயகௌரி கணவனின் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள். சந்தோசத்தில்தான்.

ஈஸ்டர் விடுமுறைக்கு ஒசாகா, முழுசாக நாலு நாள் என்று முடிவானது. அன்றிலிருந்து 183 பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதெல்லாம் அவள் கைபேசிக்குள் ஒசாகா தெருக்களில் நடந்தாள். எந்தச் சந்தியில் திரும்பினால் பழைய மரவீடுகள், எந்தக் கோயில் குளத்தில் ஆமைகள், எந்த ஸ்ரேசனில் என்ன இசை போடுவார்கள், எல்லாம் மனப்பாடம். கணவனுக்கு ஒரே ஒரு கட்டளை: ஒருவருக்கும் வாய் திறக்கக் கூடாது.

நித்தியானந்தன் மூன்று மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு கோயில் அன்னதான வரிசையில் வாய் தவறிவிட்டது. இரண்டாம் நாளே ஹரோவிலிருந்து, கோயிலில் பழக்கமான அம்பலவாணன் அண்ணை பெரிய பையோடு வாசலில் நின்றார். பைக்குள் மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை.

"தங்கச்சி, என்ர அக்கான்ர மகன் மாதவன் ஒசாகாவிலதான் வேலை. பெஞ்சாதியோட போய்ப் பதினாலு மாசம். நீங்கள் வாறியள் எண்டு சொல்லிப்போட்டன். நாலு நாளும் சாப்பாடு அவன் வீட்டிலதான்."

ஜெயகௌரி இரண்டு நாள் கணவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. "ஒரு நேரச் சாப்பாடு. பையைக் குடுக்கிறம், வாறம்." சொன்னாளே தவிர நம்பிக்கை இல்லை. மத்தியானச் சாப்பாடு முடியத் தேத்தண்ணி வரும், அது முடியப் புட்டு அவித்திருக்கு என்பார்கள். ஒரு நாள் போனால் மற்ற மூன்றையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆனால் ஒசாகாவில் முதல்நாள் அவளுடையது. விடியக் கிளம்பியவள் நிற்கவேயில்லை. டோட்டன்போரி வாய்க்கால் கரையில், கடை முகப்பில் கால்களை ஆட்டும் இராட்சத நண்டைப் பார்த்துச் சிரித்தாள். குரோமோன் சந்தையில் மீன்களை இனம்பிரித்துச் சொன்னாள். ஷின்செக்காய்க் கோபுரத்தில் ஏறி, சிரிக்கிற குட்டிச் சாமியின் உள்ளங்காலைத் தடவினாள்; தடவினால் அதிர்ஷ்டமாம். கீழே கடையில், குச்சியில் குத்திப் பொரித்த இறைச்சியைப் பொதுச் சோஸில் ஒருமுறைதான் தோய்க்கலாம் என்பது சட்டம். நித்தியானந்தன் இரண்டாந்தரம் கொண்டுபோக, கடைக்காரர் கைகாட்டி மறித்தார். கால் கடுத்தது, மனசு கடுக்கவில்லை. ஊரைவிட்டு வந்த முப்பது வருடத்தில் இப்படி ஒருநாளும் அவள் சந்தோசமாக இருந்ததில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மாதவன் டென்னோஜி ஸ்ரேசன் வாசலில் காத்திருந்தான். பையை அங்கேயே நீட்டிவிட்டுத் திரும்பலாம் என்றுதான் அவள் நினைத்து வந்தாள்.

"வாங்கோ அன்ரி. றூபினி விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைச்சவ."

நாலு மணிக்கு எழும்பினவளின் சாப்பாட்டை எப்படித் தட்டிக்கழிப்பது? போனார்கள். சின்ன வீடு, மேசை நிறையக் கறி. நித்தியானந்தன் சோபாவில் சாய்ந்தே விட்டார். ஜெயகௌரி வாடிய முகத்தை மறைக்க யன்னல் பக்கம் திரும்பினாள். நேற்று ஏறின கோபுரம் தெரிந்தது.

"உதில ஏறிப் பாத்தனீரோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. உது என்ன எண்டும் தெரியாது." றூபினி கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இவருக்கு எந்த நேரமும் வேலை. ஆக்கள் வந்தால் எல்லாரும் சேந்து ஊர் பாப்பம் எண்டு இருந்தனாங்கள். மூண்டு குடும்பம் வந்திச்சினம். இஞ்ச இருந்து சாப்பிட்டிட்டுப் போட்டினம்."

ஜெயகௌரிக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பெண் ஒசாகாவிலேயே இருந்தும் ஒசாகாவைக் காணவில்லை. சோபா விருந்து வைக்கிற பக்கத்திலும் ஆளைப் பிடித்துத்தான் வைத்திருந்திருக்கிறது.

"சோத்தைக் கட்டும். கறியளையும் கட்டும். வெளியில போறம்."

"அன்ரி, வீட்டுக்கு வந்த ஆக்களை றோட்டில வைச்சுச் சாப்பாடு குடுக்கிறதோ?" மாதவன் பதறினான்.

"இண்டைக்கு இந்த ஊரே வெளியிலதான் சாப்பிடுது. வந்து பாரும்."

வட்ட ரயிலில் ஏறிக் கோட்டைப் பூங்காவில் இறங்கினார்கள். அகழிக் கரை முழுக்கச் செரிமரங்கள் பூத்துக் கொட்டின. ஒவ்வொரு மரத்தின் கீழும் பாயை விரித்து, சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சனம். றூபினி கட்டில் விரிப்பை விரித்தாள். கத்தரிக்காய்க் குழம்பின் மூடியைத் திறந்ததும் பக்கத்துப் பாய்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சநேரத்தில் பருத்தித்துறை வடை அந்தப் பக்கம் போனது, சோற்றுருண்டை இந்தப் பக்கம் வந்தது. றூபினியின் தட்டில் பூவிதழ் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. சோற்றைக் குழைத்தபடி கோட்டையைப் பார்த்தாள், மரங்களைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது டென்னோஜி ஸ்ரேசனில் றூபினி ஜெயகௌரியின் கையைப் பிடித்தாள்.

"அன்ரி, நாளைக்கு எங்க போறியள்?"

ஜெயகௌரிக்கு மிச்சம் இரண்டே நாள். ஒருவருக்கும் பங்கு கொடுப்பதில்லை என்று வந்த நாள்கள்.

"நாக்கசாக்கிச்சோ. இந்த ஊரிலதான், பழைய மரவீடுகள் இருக்கிற இடம். ஒன்பது மணிக்கு இஞ்ச வந்து நில்லும். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தீரோ, கூட்டிக்கொண்டு போகமாட்டன்."

மறுநாள் எட்டேகாலுக்கே றூபினி ஸ்ரேசன் வாசலில் நின்றாள். கையில் ஒன்றுமில்லை. காலில் ஓட்டச் சப்பாத்து, யாழ்ப்பாணத்துக் கடையின் விலைச்சீட்டு இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.