தங்கமாரியின் காலை நடை

முட்டை அவிகிறவரை தங்கமாரி அடுப்பை விட்டு நகர்வதில்லை. பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கொதிக்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். "எந்திரிச்சா போச்சு. ஒரு கொக்கி தச்சுட்டு வந்துருவோம்னு போவேன், சட்டி கருகுற வாடைதான் என்னையக் கூப்பிடும்" என்பார்.

பாளையம்பட்டியில், வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறார். வயது நாற்பத்தேழு. ஒரே இருப்பில் ஆறு ரவிக்கை தைத்துவிடுவார். அன்றைக்குச் சாப்பிட மறந்திருப்பார். தொலையாமலிருக்கக் கத்தரிக்கோலை நாடாவில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். ஒருமுறை என் ரவிக்கையை வேறு யாருக்கோ கொடுத்தனுப்பிவிட்டு, "அவுகளுக்கும் பொருத்தமாத்தான் இருந்துச்சாம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னவர்.

முட்டை இரண்டு, ஊறவைத்த நிலக்கடலை ஒரு கை, ஒரு செம்பு கம்பங்கூழ். அதன்பிறகு மாத்திரை. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குக் கிளம்பிவிடுவார். போன் வீட்டிலேயே கிடக்கும். அவரைப் பார்த்து நானும் நடக்கத் தொடங்கி ஒரு வருடமாகிறது. கருவேலங்காட்டைத் தாண்டிக் கரிசல் விரியும் இடத்தில் அவர் பேச்சு குறையும். "இங்க வந்தாத்தான் தலைக்குள்ள ஓடுற பத்து மிஷின்ல எட்டு நிக்கிது. மிச்சம் ரெண்டு ஓடிட்டுப் போகுது."

இதெல்லாம் மதுரையில் ஒரு டாக்டரம்மா சொல்லித்தந்தது. அதுவும் மகள் யுவராணிக்காகப் போன இடத்தில்.

யுவராணியும் சின்னதிலிருந்தே இப்படித்தான். டிபன் பாக்ஸ், குடை, செருப்பில் ஒற்றை என்று எதையாவது தொலைத்துவிட்டு வருவாள். தங்கமாரி மர ஸ்கேலை எடுப்பார். பிளஸ் டூ பரீட்சையன்று ஹால் டிக்கெட்டை டவுன் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். துணைக்கு வந்திருந்த தங்கமாரி, பஸ் ஸ்டாண்டில், கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்க்க, அவள் கன்னத்தில் அறைந்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், பரீட்சையும் எழுதினாள். ஆனால் அன்றிலிருந்து வீட்டில், கேட்டதற்கு மட்டும் பதில்.

மதுரையில் கல்லூரி படிக்கும்போது அரியர் மேல் அரியர் விழவே, அங்கிருந்த ஆசிரியை ஒருவர் அவளை டாக்டரிடம் அனுப்பினார். சின்ன வயதுக் கதையைக் கேட்க டாக்டர் தங்கமாரியையும் வரச்சொன்னார். ஏ.டி.எச்.டி. என்றார். பிறவியிலேயே கவனம் ஓரிடத்தில் நிற்காது; திமிருமில்லை, சோம்பலுமில்லை. மாத்திரை எழுதினார். காலையில் வயிறு காயக்கூடாது, முட்டை, பயறு, கடலை வேண்டும், தினமும் மரம் செடி நடுவே நடக்க வேண்டும் என்றார். "இது தீத்து வைக்காது. அன்னன்னைக்குப் பொழுதக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும்."

அவர் பேசி முடிப்பதற்குள் தங்கமாரி மூன்றுமுறை எழுந்து கைப்பையைத் தேடியிருந்தார். பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "உங்களுக்கும் சின்னதுல இருந்தே இப்படித்தானாம்மா?" என்று கேட்டார். பிறகு மாத்திரைச் சீட்டு இரண்டாயிற்று.

"எங்கம்மாவும் என்னைய அடிச்சுத்தான் வளத்தாக" என்று ஒருநாள் கரையில் உட்கார்ந்து சொன்னார் தங்கமாரி. "அதுல திருந்திட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். திருந்தல, பயந்துதான் கெடந்துருக்கேன். அதையே கொண்டுபோயி எம்பிள்ளைக்கும் குடுத்துட்டேனே."

யுவராணிக்கு இப்போது கோயம்புத்தூரில் வேலை. ஹாஸ்டலிலும் முட்டை அவித்துக்கொள்கிறாள், பூங்காவில் நடக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது மூன்றுபேரும் கரைக்குப் போனோம். கரிசலில் கொத்தமல்லி வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் இரண்டடி பின்னால் வந்தேன்.

மகளோடு நடந்துவந்த தங்கமாரி, "அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல ஒன்னைய அடிச்சிருக்கக் கூடாதுடி" என்றார்.

"அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லம்மா. நாந்தான் மறதிக்காரியாச்சே." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தங்கமாரியும் சிரித்தார். முகம் தெளிந்த மாதிரி இருந்தது.

கொஞ்சதூரம் போனதும், மகளின் முடியில் ஒரு கருவேல இலை ஒட்டியிருப்பதைப் பார்த்தார். எடுத்துவிடக் கையைத் தூக்கினார். யுவராணியின் தலை வெடுக்கென்று பின்னால் போனது. கண்கள் இறுக மூடிக்கொண்டன.

தூக்கிய கை அப்படியே நின்றது.

"தலையில எல ஒட்டியிருக்கு தாயி. எடுத்துரு" என்று மெதுவாகச் சொன்ன தங்கமாரி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தார்.