அடுப்புக்கு மேலே போன காற்றுக்குழாய்

எங்கள் மந்தைவெளி வீட்டுச் சமையலறைச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஒரு விரல் நீளத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் என் கண்ணுக்கு அது பழுப்பாகத்தான் தெரியும். அதைப் பார்த்தால் என் மூத்தார் ஞாபகம் வரும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம் அது. என் வீட்டுக்காரர் கொல்லைக் கொட்டகையில் மோட்டார் கார்களுக்குக் காற்றால் பீய்ச்சிப் பெயிண்ட் அடிக்கும் தொழிலைத் தொடங்கினார். கரண்ட் வாசல் பக்கம் மட்டும் இருந்ததால் காற்றடைக்கும் மெஷின் முன்கூடத்தில் உட்கார்ந்தது. அங்கிருந்து கொட்டகைவரை குழாய் போட வேண்டும். இரும்பு கிடைக்காத காலம். “நான் கொண்டாரேன், கவலப்படாதே” என்றார் மூத்தார், அதாவது அவருடைய அண்ணன். எங்களோடுதான் இருந்தார், என் கையால்தான் சாப்பிட்டார். எங்கிருந்தோ பழைய குழாய்களைக் கொண்டுவந்து, நேராகப் போனால் குழாய் மிச்சமாகும் என்று என் சமையலறைச் சுவரைத் துளைத்துவிட்டார். காற்றில் இருக்கிற ஈரம் குழாய்க்குள் தண்ணீராகத் தேங்குமாம். அதை வடிக்கத் தாழ்வான இடத்தில் ஒரு திருகு வைக்க வேண்டுமாம். அந்தத் தாழ்வான இடம் என் அடுப்புக்கு நேர்மேலே அமைந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மெஷினை ஓட்டிய முதல் நாளே திருகைத் திறந்தார். கிழவன் காறித் துப்புவது போல ஒரு சத்தம். கறுப்பாக, கொழகொழவென்று என்னவோ கொதிக்கிற உலையில் வந்து விழுந்தது. மேலே துரு நாற்றம், அதற்கடியில் வேறு ஒரு நாற்றம்.

“துருதாம்மா அது. உள்ள வெறும் காத்துதானே போவுது? இன்னாத்துக்கு மூஞ்ச சுளிக்கிறே?” என்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

எனக்குப் படிப்பு இல்லை. மூக்கு இருந்தது. உலையைக் கொல்லையில் கவிழ்த்தேன். வேறு பானையில், கொல்லையில் கல் கூட்டிச் சமைத்தேன். அறுத்துப்போட்ட குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். அண்ணனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்ததும், மூத்தாரின் டம்ளருக்கு மேலே அந்தத் துண்டைப் பிடித்து, அதன் வழியாகத் தண்ணீர் ஊற்றினேன்.

“வெறும் தண்ணிதான் போச்சு, மாமா. குடிங்க.”

“இன்னாம்மா தமாசு?” என்று சிரித்தார். கை மட்டும் டம்ளர் பக்கம் போகவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

“குடிண்ணா.”

“டேய்... கழுவித்தான்டா கொண்டாந்தேன். பங்களா இடிச்ச எடத்துல கக்கூஸ் தொட்டி எறைச்ச பைப்புடா அது.”

தெரிந்தே செய்திருக்கிறார். தன் தொண்டைக்கு ஆகாதது என் அடுப்புக்கு ஆகும் என்று நினைத்த மனுஷன். அந்த நாற்றத்தை விட இது அதிகமாகக் குமட்டியது.

என் வீட்டுக்காரர் பாதிச் சோற்றில் எழுந்து ஸ்பேனரை எடுத்தார். சுவருக்குள் இறுகிப்போன துண்டைத் தவிர மற்றதெல்லாம் கழன்றது. வேறு குழாய் கிடைக்கும்வரை, அந்த மழைக்காலம் முழுக்கத் தொழில் படுத்துக் கிடந்தது. அதற்காக அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. மூத்தாருக்கு அவர் காலம் முடியும்வரை நான்தான் சோறு போட்டேன். இலையைப் பார்த்துப் போட்டேன், முகத்தைப் பார்த்துப் போட்டதில்லை.

போன வாரம் மருமகள் அந்தத் துண்டில் புதுக் கரண்டியை மாட்டியிருந்தாள். “எந்தக் காலத்துக் கதை, அத்தை. இப்ப அது வெறும் இரும்புதானே?” என்றாள்.

“அதுல ஊத்தின தண்ணியக் குடிப்பியா?” என்று கேட்டேன்.

கரண்டியை எடுத்துவிட்டாள்.